கடவுச்சீட்டு ஒளிப்படமும் கொங்கு நாடும்

முதல் உலகப் போர்க்கால ஒற்றர் அச்சத்தால் 1915இல் பிரித்தானியக் கடவுச்சீட்டில் ஒளிப்படம் கட்டாயமானது. இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் 1920இல் இயற்றப்பட்டது.

நெடுங்காலம் விண்ணப்பதாரர்கள் ஸ்டுடியோவில் எடுத்த படத்தையே ஒட்டினர். முகத்தை வெளுப்பாக்கும் ஸ்டுடியோ வழக்கம் கல்யாண ஆல்பத்துக்குச் சரி; பின்னலாடை விற்க அயல்நாடு செல்லும் திருப்பூர்க்காரரைக் குடியேற்ற அதிகாரி அடையாளம் காண அது உதவாது.

இப்போது கோவை பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலேயே பெரியவர்களைப் படமெடுக்கின்றனர். கொங்குப் பெரியவர்களுக்கு வெள்ளை வேட்டி சட்டைதான் மரியாதை உடை. ஆனால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளைச் சட்டையின் தோள்பகுதி கரைந்துவிடும். அன்று ஒருநாள் அடர்நிறச் சட்டையே நல்லது. வாயை மூடி, நேராகப் பார்க்க வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியுடன் 4.5 × 3.5 செ.மீ. படம் கொண்டுசெல்ல வேண்டும். அதில் குழந்தையைப் பிடித்திருக்கும் தாயின் கை தெரியக் கூடாது.