மீன் தொட்டிக்குள் ஆமை: ஒரு சின்ன வரலாறு

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் மக்கள் குடும்பத்தோடு ஏலகிரி மலைக்கு ஏறி விடுவார்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் மேலே புங்கனூர் ஏரி, படகு, பூங்கா. வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியாமல் போன ஆமையை விட்டு விட்டு வர இதைவிட நல்ல இடம் இல்லை என்று யாருக்கும் தோன்றலாம். ஆனால் அது எவ்வளவு பெரிய தவறு என்பதை மீன் தொட்டியின் வரலாறே சொல்கிறது.

அந்த வரலாறு லண்டனில் தொடங்குகிறது. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்க மீன்கள், நீர்ச்செடி, நத்தைகள் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். செடி மீனுக்கு ஆக்சிஜன் கொடுத்தது. அழுகிய இலையை நத்தை தின்றது. தண்ணீர் கெடவில்லை! 1850ல் இதை அவர் வெளியிட்டார். 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நம் சென்னை மெரினாவிலும் 1909ல் ஒன்று வந்தது.

வாரிங்டன் கண்டது ஒரு சமநிலை. அதற்குள் ஆமையை விட்டால் என்ன ஆகும்? செடியையும் தின்னும், நத்தையையும் தின்னும், கடைசியில் மீனையும் தின்னும். பெரிய மீனாக இருந்தால் அதன் வாலையும் துடுப்பையும் கடித்து வைக்கும். மீனை விட அதிகமாகக் கழிவு போடுவதால் தண்ணீரும் சீக்கிரம் கெடும். ஆமைக்கு ஏறி உட்கார்ந்து வெயில் காய ஒரு திட்டும் வேண்டும்.

"கோயில் குளத்தில் இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கின்றன?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் குளத்தில் மீன் தப்பித்து ஓட இடம் இருக்கிறது. இரண்டடி தொட்டியில் எங்கே ஓடும்?

கடைகளில் அதிகம் விற்பது காதோரம் சிவப்புக் கோடு உள்ள அமெரிக்க ஆமை. மிசிசிப்பி ஆற்றுப் பகுதிதான் அதன் சொந்த ஊர். வாங்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி வரை போகும், இருபது முப்பது வருடம் உயிர் வாழும். குட்டி ஆமைகளிடமிருந்து குழந்தைகளுக்கு சால்மொனெல்லா நோய் பரவியதால் 1975ல் அமெரிக்காவே 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டது. ஆனால் ஏற்றுமதி நிற்கவில்லை.

தொட்டி போதாமல் போனதும் மக்கள் அவற்றைக் குளத்திலும் ஏரியிலும் விட்டார்கள். இன்று அது உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. உள்ளூர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் அது பறித்துக் கொள்கிறது. அசாமில் குவாஹாத்தி கோயில் குளத்திலும், கேரளத்தில் திருச்சூர் பகுதியிலும் இது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்காக நம் ஊர் பாலாமையைப் பிடித்து வளர்க்கலாமா என்றால், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஏலகிரி அடிவார மக்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை வலியுறுத்தியது. பெரிய கெடுதல் வரும் என்று தெரிந்தால், முழு ஆதாரம் வரட்டும் என்று காத்திருக்காமல் முதலிலேயே தடுக்க வேண்டும் என்பதுதான் அது. ஆற்றுக்குச் சொன்ன அந்த நியாயம் ஏரிக்கும் பொருந்தும்.

மீனுக்கு ஒரு தொட்டி, ஆமைக்குத் தனித் தொட்டி. ஏற்கெனவே வாங்கிய ஆமையைக் கடைசி வரை வளர்க்க வேண்டும். முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்க வேண்டும். முப்பது வருடம் வளர்க்க முடியாது என்று தோன்றினால் வாங்காமல் இருப்பதே நல்லது. ஏரியில் விடுவது அந்த ஆமைக்கு வேண்டுமானால் விடுதலை, ஏரிக்கு அல்ல!