பிரிட்ஜ் மோடு: வாய்க்காலும் மடையும்

டவுன்ல இருக்குற நண்பர்கள் சிலர் ரவுட்டரை 'பிரிட்ஜ் மோடு'ல வைக்கிறதை ஏதோ புது வித்தைன்னு நினைக்கிறாங்க. உண்மையில அது நம்ம நாட்டு பிராட்பேண்டோட பழைய வழக்கம்.

1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. அப்போ கம்ப்யூட்டர் போன் போட்டுத்தான் உள்ளே போகணும். அதுவரை அந்த லைனில் யாரும் பேச முடியாது. 2004 பிராட்பேண்ட் கொள்கை, குறைந்தது 256 கேபிபிஎஸ் வேகம் வேணும்னு வரையறுத்தது. 2005-ல் பிஎஸ்என்எல் அதே டெலிபோன் கம்பியில் பிராட்பேண்ட் கொண்டுவந்தது.

அந்த மோடத்தை பிரிட்ஜில் வைத்தால் அது வெறும் வாய்க்கால். வந்த தண்ணியை அப்படியே கடத்தும், அவ்வளவுதான். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து மடையைத் திறப்பது கம்ப்யூட்டர். 1999-ல் வகுக்கப்பட்ட இந்த முறைக்கு பிபிபிஓஇ என்று பேர். விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இதற்கு வசதி இருந்தது.

பிறகு வீட்டில் செல்போன், டிவி எல்லாம் சேர்ந்தன. ஒரே ஐபி முகவரியை எல்லாத்துக்கும் பங்கு வைக்கணும். 'நாட்' என்ற அந்த வேலையை மோடமே எடுத்துக்கிட்டது. இன்னைக்கு ஃபைபர் பெட்டியும் பெரும்பாலும் அப்படித்தான் வருது.

அதன் பின்னாடி நாம இன்னொரு ரவுட்டர் வைத்தால் ஒரே வாய்க்காலில் ரெண்டு மடை. மோட்டார் கொட்டகை கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாப் பார்க்க ரெண்டு இடத்திலும் வழி திறக்கணும். அதனாலதான் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜுக்கு மாத்தி, பிபிபிஓஇ விவரத்தை நம்ம ரவுட்டரில் போடுறோம். யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூணையும் முதல்ல எழுதி வச்சுக்குங்க. பெட்டியோட வைஃபையையும் அணைச்சுடுங்க.

ஆனா ஒண்ணு. ஐபிவி4-ல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான். பற்றாக்குறையால பல கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுது. ரவுட்டர் காட்டும் வான் முகவரி 100.64 முதல் 100.127-க்குள் ஆரம்பிச்சா, மேல்மடை கம்பெனி கையில்னு அர்த்தம். பிரிட்ஜ் போட்டாலும் கேமரா நேரடியா எட்டாது. தனி முகவரி கேட்டு வாங்கணும்.

மடை நம்ம கைக்கு வந்துட்டா காவலும் நம்ம பொறுப்பு. ரவுட்டரோட ஃபயர்வாலை அணைக்காதீங்க, பாஸ்வேர்டை மாத்துங்க. தண்ணி பாயுற வழியிலதான் பாம்பும் வரும்.