பிரெக்சிட் எதிர்ப்புப் பேரணிகள்

பிரெக்சிட் எதிர்ப்புப் பேரணிகள் என்பவை, ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதை எதிர்த்தும், விலகல் உடன்பாட்டை மீண்டும் மக்களின் வாக்குக்கு விடுமாறு கோரியும் 2016 முதல் 2019 வரை நடைபெற்ற ஊர்வலங்கள் ஆகும். இவற்றுள் பெரியவை இலண்டன் மாநகரில் இடம்பெற்றன. மார்ச் 23, 2019 அன்று நடைபெற்ற பேரணி, அண்மைக் காலப் பிரித்தானிய வரலாற்றின் மிகப் பெரிய பேரணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆயினும் இப்பேரணிகளின் முதன்மைக் கோரிக்கை நிறைவேறவில்லை. சனவரி 31, 2020 அன்று ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்தை விட்டு விலகியது. பெருந்திரளான மக்கள் தெருவில் கூடுவதற்கும், நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை பெறுவதற்கும் இடையே உள்ள தொலைவை அறிந்துகொள்ள இப்பேரணிகளின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமா, விலக வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பு சூன் 23, 2016 அன்று நடைபெற்றது. விலக வேண்டும் என 1,74,10,742 பேரும் (51.9%), நீடிக்க வேண்டும் என 1,61,41,241 பேரும் (48.1%) வாக்களித்தனர். வாக்குப்பதிவு 72.2% ஆக இருந்தது. முடிவுகள் நாடு முழுவதும் ஒரே மாதிரி அமையவில்லை. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும், இலண்டனில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும், வட அயர்லாந்தில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரும் நீடிப்பதை ஆதரித்தனர். இங்கிலாந்தின் ஏனைய பகுதிகள் பலவற்றிலும் வேல்சிலும் விலகலே வென்றது.

வாக்குச்சீட்டில் இரண்டு தெரிவுகளே இருந்தன. எவ்வகையான விலகல், பொதுச் சந்தையில் நீடிப்பதா, சுங்க ஒன்றியத்தில் நீடிப்பதா, அயர்லாந்து எல்லை என்னவாகும் என்பன போன்ற கேள்விகள் அதில் இடம்பெறவில்லை. இவற்றுக்கு அரசு பின்னர் அளிக்கும் விடையை மக்கள் ஒப்புக்கொள்கிறார்களா என்று கேட்க வேண்டும் என்பதே பேரணிகளின் அடிப்படை வாதமாக அமைந்தது.

வாக்குரிமை இல்லாதோர்

பேரணிகளில் திரண்டவர்களுள் பலர் 2016இல் வாக்களிக்க இயலாதவர்கள். பொதுவாக்கெடுப்பில் 18 வயது நிரம்பியவர்களுக்கே வாக்குரிமை தரப்பட்டது. 16, 17 வயதினரைச் சேர்க்கும் முயற்சி நாடாளுமன்றத்தில் தோல்வியுற்றது. ஐக்கிய இராச்சியத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 30 இலட்சம் ஒன்றியக் குடிமக்களுள், அயர்லாந்து, மால்ட்டா, சைப்பிரசு ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. 15 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரித்தானியருக்கும் வாக்குரிமை கிடைக்கவில்லை.

இதற்கு மாறாக, ஐக்கிய இராச்சியத்தில் சட்டப்படி வசித்த பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தனர். எனவே இந்திய, இலங்கைக் குடியுரிமையுடன் இலண்டனில் வாழ்ந்த தமிழர் ஒருவர் வாக்களிக்க முடிந்தது. அவருடைய அண்டை வீட்டில் இருபது ஆண்டுகளாக வாழும் செருமானியரோ போலந்து நாட்டவரோ வாக்களிக்க முடியவில்லை. முடிவினால் தம் வதிவிட உரிமையே கேள்விக்குள்ளான இம்மக்களுக்குப் பேரணி, தம் கருத்தை வெளியிட எஞ்சிய வழிகளுள் ஒன்றாக இருந்தது.

தொடக்ககாலப் பேரணிகள்

முடிவு வெளியாகி எட்டு நாட்கள் கழித்து, சூலை 2, 2016 அன்று, பல்லாயிரக்கணக்கானோர் இலண்டன் பார்க் லேனிலிருந்து நாடாளுமன்றச் சதுக்கம் வரை ஊர்வலமாகச் சென்றனர். அதே ஆண்டு செப்டம்பரிலும் பேரணி நடைபெற்றது. ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தை நிறுவிய உரோம் உடன்படிக்கையின் 60ஆம் ஆண்டு நிறைவு நாளான மார்ச் 25, 2017 அன்று மற்றொரு பேரணி இடம்பெற்றது. அதற்கு மூன்று நாட்களுக்கு முன் வெஸ்ட்மினிஸ்டரில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலில் உயிரிழந்தோருக்கு இதில் பங்கேற்றோர் மௌன அஞ்சலி செலுத்தினர். நான்கு நாட்கள் கழித்து, மார்ச் 29 அன்று, பிரதமர் தெரசா மே ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆம் உறுப்புரையின்படி விலகல் அறிவிப்பை அளித்தார்.

"மக்கள் வாக்கு" இயக்கம்

ஏப்ரல் 15, 2018 அன்று இலண்டன் கேம்டன் பகுதியில் "மக்கள் வாக்கு" என்னும் பொருள்படும் பெயருடன் கூட்டியக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. ஓப்பன் பிரிட்டன், ஐரோப்பிய இயக்கம், இளைஞர் அமைப்புகள் உள்ளிட்ட பல குழுக்கள் இதில் இணைந்தன. "விலகலை நிறுத்து" என்பதற்கு மாறாக, "இறுதி உடன்பாட்டை மக்களிடம் கேள்" என்பதை இவ்வியக்கம் முழக்கமாகக் கொண்டது. இதன் முக்கியப் பேரணிகள் வருமாறு:

- சூன் 23, 2018: பொதுவாக்கெடுப்பின் இரண்டாம் ஆண்டு நிறைவு நாள். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கலந்துகொண்டதாக அமைப்பாளர்கள் கூறினர்.
- அக்டோபர் 20, 2018: 2016இல் வாக்களிக்கும் வயதை எட்டியிராத இளைஞர்கள் முன்னணியில் நடந்தனர். இலண்டன் மேயர் சாதிக் கான் உரையாற்றினார்.
- மார்ச் 23, 2019: விலகலுக்கு முதலில் குறிக்கப்பட்டிருந்த நாளுக்கு ஆறு நாட்களுக்கு முன் நடைபெற்றது. ஸ்காட்லாந்து முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன், தொழிற்கட்சித் துணைத் தலைவர் டாம் வாட்சன், பழமைவாதக் கட்சியின் மூத்த தலைவர் மைக்கேல் ஹெசல்டைன் எனப் பல கட்சியினரும் ஒரே மேடையில் பேசினர்.
- அக்டோபர் 19, 2019: நாடாளுமன்றம் கூடியிருந்த சனிக்கிழமையன்று நடைபெற்றது.

பேரணியின் ஒழுங்கும் தோற்றமும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஊர்வலம் நடத்துவோர் 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின்படி, நாள், நேரம், பாதை, பொறுப்பாளர் ஆகிய விவரங்களைக் குறைந்தது ஆறு முழு நாட்களுக்கு முன் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது அறிவிப்பே அன்றி அனுமதி வேண்டும் விண்ணப்பம் அன்று. எனினும் பாதை, நேரம் குறித்துக் காவல்துறை நிபந்தனை விதிக்கலாம்.

பெரிய பேரணிகள் பார்க் லேனில் தொடங்கி, பிக்கடில்லி, பால் மால், டிரஃபால்கர் சதுக்கம், வைட்ஹால் வழியாக நாடாளுமன்றச் சதுக்கத்தை அடைந்தன. தொலைதூர நகரங்களிலிருந்து மக்கள் வாடகைப் பேருந்துகளில் வந்து சேர்ந்தனர். நீலப் பின்னணியில் பன்னிரண்டு பொன்னிற விண்மீன்கள் கொண்ட ஒன்றியக் கொடியே எங்கும் காணப்பட்டது. குழந்தைகளையும் வளர்ப்பு நாய்களையும் அழைத்து வந்தோர் பலர். அச்சிட்ட பதாகைகளைவிட, பங்கேற்றோர் தாமே எழுதிய நகைச்சுவை அட்டைகள் மிகுதியாகப் பேசப்பட்டன. மார்ச் 2019 பேரணியில், செருமானியச் சிற்பி ஜாக் டில்லி உருவாக்கிய, நீண்ட மூக்குடன் கூடிய தெரசா மேயின் கேலிச் சிலையும் இடம்பெற்றது.

பங்கேற்றோர் எண்ணிக்கை

எத்தனை பேர் கலந்துகொண்டனர் என்பது தொடர்ந்து சர்ச்சைக்குள்ளானது. அக்டோபர் 2018 பேரணியில் 7 இலட்சம் பேர் என அமைப்பாளர்கள் அறிவித்தனர். இலண்டன் பெருநகர நிர்வாகத்தின் பிந்தைய ஆவணம் ஒன்று 2.5 இலட்சம் என மதிப்பிட்டது. மார்ச் 2019 பேரணிக்கு அமைப்பாளர்கள் 10 இலட்சம் என்றனர்; கூட்டவியல் வல்லுநர் கீத் ஸ்டில் 3.12 இலட்சம் முதல் 4 இலட்சம் வரை என மதிப்பிட்டார்.

கூட்டத்தை எண்ணும் எளிய முறை ஒன்றை, 1960களில் அமெரிக்காவின் பெர்க்லி வளாகத்தில் நடந்த மாணவர் போராட்டங்களைக் கவனித்த இதழியல் பேராசிரியர் ஹெர்பர்ட் ஜேக்கப்சு வகுத்தார். கூட்டம் நிற்கும் பரப்பளவை அடர்த்தியால் பெருக்குவதே இம்முறை. எடுத்துக்காட்டாக, 20 மீட்டர் அகலமும் 2 கிலோமீட்டர் நீளமும் கொண்ட சாலையின் பரப்பு 40,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு இருவர் வீதம் நின்றால் 80,000 பேர் அடங்குவர். அதே சாலையில் ஒரே நேரத்தில் 10 இலட்சம் பேர் நிற்க வேண்டுமெனில் ஒரு சதுர மீட்டரில் 25 பேர் நிற்க வேண்டும், இது இயலாது. ஆனால் பேரணி நகரும் தன்மையது. ஒரு சாரார் கலைந்து சென்ற பின்னரும் வேறு சாரார் வந்து சேர்வதால், ஒற்றை நிழற்படத்தைக் கொண்டு கணித்தால் எண்ணிக்கை குறைந்துவிடும். வேறுபட்ட மதிப்பீடுகள் தோன்ற இதுவும் ஒரு காரணம். குறைந்த மதிப்பீட்டையே ஏற்றாலும் இவை மிகப் பெரிய கூட்டங்களே.

நாடாளுமன்றத்தில் ஏற்பட்ட தாக்கம்

தெரசா மேயின் உடன்பாட்டை மக்களவை சனவரி 15, 2019 அன்று 432க்கு 202 என்ற வாக்குகளில் நிராகரித்தது. மார்ச் மாதத்தில் மேலும் இருமுறை நிராகரித்தது. பிப்ரவரி 2019இல் தொழிற்கட்சி புதிய பொதுவாக்கெடுப்பை ஆதரிக்க முன்வந்தது. 50ஆம் உறுப்புரை அறிவிப்பைத் திரும்பப் பெறக் கோரிய இணைய மனுவில் 61 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

எந்த உடன்பாடாயினும் மக்களின் ஒப்புதலுக்கு விட வேண்டும் என்ற தீர்மானம் மார்ச் 27 அன்று 268க்கு 295 என்றும், ஏப்ரல் 1 அன்று 280க்கு 292 என்றும் தோல்வியுற்றது. இயக்கத்தின் கோரிக்கை வெற்றிக்கு மிக அருகில் வந்தது இந்த 12 வாக்குத் தொலைவிலேயே ஆகும். அதே நாளில் சுங்க ஒன்றியத்தில் நீடிக்கும் தீர்மானம் 273க்கு 276 என 3 வாக்குகளில் தோற்றது. இரண்டாம் பொதுவாக்கெடுப்பை ஆதரித்த உறுப்பினர்களுள் சிலர் இதனை ஆதரிக்கவில்லை. முழு வெற்றியை நாடி, கைக்கு எட்டிய மென்மையான விலகலை அவர்கள் இழந்தனர் என்பது பின்னாளில் எழுந்த முக்கிய விமர்சனமாகும். விலகல் எவ்வகையில் அமைந்தாலும் ஒன்றியத்திற்குள் இருந்து முடிவெடுக்கும் உரிமை போய்விடும் என்பது மறுதரப்பின் விடை.

அக்டோபர் 19, 2019 அன்று, போரிஸ் ஜான்சனின் புதிய உடன்பாட்டிற்கான ஒப்புதலைத் தள்ளிவைக்கும் திருத்தம் 322க்கு 306 என நிறைவேறியபோது வெளியே திரண்டிருந்தோர் ஆரவாரம் செய்தனர். ஆனால் அம்மாத இறுதியிலேயே இயக்கத்தின் தலைமைக்குள் மோதல் வெடித்தது. பணிப்பாளர்கள் நீக்கப்பட, ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தனர். திசம்பர் 12, 2019 பொதுத் தேர்தலில் பழமைவாதக் கட்சி 365 இடங்களைப் பெற்றதையடுத்து, மறு வாக்கெடுப்புக்கான வாய்ப்பு முற்றிலும் நீங்கியது.

எதிர்த்தரப்பினர் கருத்து

1.74 கோடி மக்கள் அளித்த தீர்ப்பைச் செயல்படுத்து முன்னரே மீண்டும் வாக்கெடுப்பு நடத்துவது சனநாயகத்திற்கு முரணானது என விலகல் ஆதரவாளர்கள் வாதிட்டனர். பேரணிகள் இலண்டனில் நடைபெற்றதால், விலகலை ஆதரித்த தொழில் நகரங்களின் உணர்வை அவை வெளிப்படுத்தவில்லை என்றும் கூறப்பட்டது. விலகல் ஆதரவாளர்களும் மார்ச் 16, 2019 அன்று வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் நடைப்பயணம் ஒன்றைத் தொடங்கி, மார்ச் 29 அன்று இலண்டனில் நிறைவு செய்தனர். அதன் எண்ணிக்கை சிறியதாயினும், அவர்களுடைய பிரெக்சிட் கட்சி அதே ஆண்டு மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 29 இடங்களுடன் முதலிடம் பெற்றது. தெருவில் திரளும் கூட்டத்தின் அளவு வாக்குப்பெட்டியின் முடிவை முன்கூட்டியே காட்டுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

விலகலுக்குப் பின்

விலகலுக்குப் பிறகு, மீண்டும் ஒன்றியத்தில் இணையக் கோரும் பேரணிகள் அக்டோபர் 22, 2022, செப்டம்பர் 23, 2023, செப்டம்பர் 28, 2024 ஆகிய நாட்களில் இலண்டனில் நடைபெற்றன. இவற்றில் பங்கேற்றோர் எண்ணிக்கை 2019ஆம் ஆண்டின் அளவை எட்டவில்லை.