அவ்வைக்கு முந்தைய சுந்தராம்பாள்

நமது மலருக்கு நண்பர்கள் பெரும்பாலும் விடுதி நினைவுகளையே எழுதி அனுப்புகிறார்கள். ஒரு மாறுதலுக்காக, நம் காவிரிக்கரைப் பாட்டுக்காரி ஒருவரின் ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது.

கே.பி. சுந்தராம்பாள் என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வருகிறது? வெள்ளைப் புடவை, நெற்றி நிறைய விபூதி, கையில் கோல். 1953-இல் ஜெமினி வாசன் எடுத்த 'அவ்வையார்', 1965-இல் 'திருவிளையாடல்'. அவ்வைப் பாட்டி என்றால் அந்த அம்மாள்தான் என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் அவ்வையாராக நடிப்பதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே அவர் தமிழ்நாட்டைக் கிறங்கடித்த இளம்பெண். பாட்டி வந்து அந்தப் பெண்ணை மறைத்துவிட்டாள் என்பது என் வருத்தம்.

திருச்சி ஜங்ஷனில் ஈரோட்டு ரயில் ஏறினால், கரூர் தாண்டி வருவது கொடுமுடி. அங்கே 1908-இல் பிறந்தவர். தாயார் பாலாம்பாள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு வறுமையில் தவித்தவர். சிறுமி சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கினாள். நடேச அய்யர் என்ற நாடகக்காரர் ரயிலில் அந்தக் குரலைக் கேட்டு அழைத்துப் போனார் என்பார்கள். இல்லை, கரூரில் ஒரு போலீஸ் அதிகாரிதான் முதலில் கைதூக்கிவிட்டார் என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியோ, வேலு நாயர் கம்பெனியில் பாலபார்ட் வேஷத்துக்குச் சேர்ந்துவிட்டாள்.

இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. பெஸ்ஸி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண், சட்டநூகா என்ற ஊரில் அண்ணன் கிதார் வாசிக்கத் தெருவில் பாடிக் காசு சேர்த்தவர். பிறகு கூடாரக் கொட்டகைகளில் ஊர் ஊராகப் பாடினார். 1923-இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. அவர் பாடிய 'புளூஸ்' என்பது ஏழை ஜனங்களின் துயரப் பாட்டு. நம்ம ஊரில் அதற்கு அப்படித் தனிப் பெயர் இல்லை. வள்ளியும் கோவலனும் நல்லதங்காளும் நாடக மேடையில் பாடியதுதான் நமக்கு அது.

அந்தக் காலத்து மேடையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மைக் கிடையாது. கீற்றுக் கொட்டகையின் கடைசியில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் புரியவேண்டும். 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் வெவ்வேறு இடத்து நடிகர்களை ஒரு ராத்திரிக்கு ஒப்பந்தம் பேசிக் கொண்டுவருவார்கள். ஒத்திகை எதுவும் இல்லாமல், சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளை வைத்துக்கொண்டு விடிய விடியப் போட்டி. ஆர்மோனியக்காரர் சுருதியை ஏற்றினால் பாடுகிறவரும் ஏறியாகணும். இல்லாவிட்டால் சீட்டிதான்! அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த தொண்டை அது.

1926-இல் கொழும்பில் அவருக்கு எதிரே வந்து நின்றவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. ஏற்கெனவே பெரும் புகழ் பெற்றவர், மணமானவரும்கூட. இருவர் குரலும் ஒன்றையொன்று துரத்தியதைக் கேட்க ஜனம் திரண்டது. அடுத்த வருஷமே கல்யாணம். பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. குழந்தை பிறந்து சில நாளில் போயிற்று, பிரிவு வந்தது, 1933 டிசம்பரில் கிட்டப்பாவும் இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். அம்மாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அன்று உடுத்திய வெள்ளைப் புடவை கடைசிவரை மாறவில்லை.

இனி இசைத்தட்டுக்கு வருகிறேன். தென்னாட்டில் முதலில் தட்டில் பாடத் துணிந்தவர்களில் பெண்களே முக்கியமானவர்கள். சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் எல்லோரும் தகரக் குழாய் வாய்க்குள் பாடியவர்கள். 1925-க்குப் பிறகு மின்சார மைக் வந்து ஒலிப்பதிவு திருந்தியது. சுந்தராம்பாள் இந்த இரண்டாம் தலைமுறை. அவருக்கு இருந்த சிக்கல் வேறு. மேடையில் ஒரே அடியை அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பாடியவருக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் கிடைத்தது மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்!

மண்ணச்சநல்லூரில் என் சிறு வயதில், உறவினர் வீட்டுத் திண்ணையில் சாவி கொடுக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதில் கேட்டதைத்தான் சொல்கிறேன். பீடிகை கிடையாது. எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயி, சொல் ஒவ்வொன்றும் அட்சர சுத்தம். ரைஸ்மில் இரைச்சலையும் மீறித் தெருமுனைக்குக் கேட்கும். கணவர் இறந்த சோகம்தான் அந்தக் குரலில் அழுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரயில் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகிய ஒரு பசித்த குழந்தையின் குரல் அது. சோகம் பின்னால் வந்து சேர்ந்தது. முதலில் வந்தது வயிறு.

தட்டு இன்னொரு காரியமும் செய்தது. நாடகத்துக்கு டிக்கெட் வாங்க முடியாதவன்கூட ஊருக்கு ஒரு பெட்டி இருந்தால் கேட்டுவிடலாம். சத்தியமூர்த்தி இதன் பலத்தை அறிந்தவர். அவர் தூண்டுதலால் அம்மாள் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். காந்தியைப் பற்றி அவர் பாடிய தட்டு வீடு வீடாகப் போயிற்று. 1937 தேர்தல் பிரசாரத்திலும் அந்தக் குரல் இருந்தது.

கணவர் மறைவுக்குப் பின் எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றிருந்தவரை, 1935-இல் 'பக்த நந்தனா'ருக்கு அழைத்தார்கள். ஆண் வேஷம், சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அன்றைக்கு அது கேள்விப்படாத தொகை. படத்தை ஆனந்த விகடனில் கல்கி கேலி செய்து தீர்த்துவிட்டார் என்பது தனிக் கதை. 1958-இல் சட்ட மேலவை, 1970-இல் பத்மஸ்ரீ. 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது 'துணைவன்' படத்துக்குக் கிடைத்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1980-இல் காலமானார்.

நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய அரக்குத் தட்டுகள் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பது விரிசல் விடும்; புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். துருப்பிடித்த ஊசியைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், இரண்டே தடவையில் பள்ளம் தேய்ந்துவிடும். லேபிளில் கே.பி.எஸ். பெயர் இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.