தேரும் பிக்கப்பும்

வண்டியை அலங்கரித்தல் இக்கால இளைஞர் கண்ட புதுமை என்று கருதுவோர் பலர். ஈப்போ நகரின் புந்தோங் வட்டாரத்திலோ, சுங்கை சிப்புட் சாலையிலோ சற்று நின்று நோக்கினால், பின்புறம் திறந்த பெட்டியுடைய பிக்கப் வண்டிகள் பல கோலங்களில் செல்வதைக் காணலாம். ஒன்றுக்கு மங்கிய கருஞ்சாயம். ஒன்றுக்குப் பளபளக்கும் குழாய் வளைவு. மற்றொன்றின் பின்கண்ணாடியில் வேலும் மயிலும், அவற்றின்கீழ் 'அம்மா' என்னும் ஒரே சொல்லும். இவை வீண் ஆடம்பரம் எனத் தள்ளுமுன், இவ்வழக்கத்தின் வரலாற்றை ஆராய்தல் தகும்.

அகநானூற்றின் 4ஆம் பாடலில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். பூக்களில் தங்கிய வண்டுகள் அஞ்சுமே என்று, தன் தேர்மணிகளின் நாவைக் கட்டி ஒலியடக்கி வருகிறான் அவன். தேருக்கு மணி பூட்டுதல் அக்காலத்தே இயல்பான வழக்கம் என்பதும், அவ்வணி பிற உயிர்க்கு இடையூறாகலாகாது என்னும் உணர்வும் இதனால் விளங்கும். பின்னாளில் உழவர்தம் கூண்டு வண்டியும் அழகு பெற்றது. மாட்டின் கொம்புக்கு வண்ணமும் பித்தளைக் குப்பியும், கழுத்துக்குச் சலங்கையும் பூட்டினர்.

மோட்டார் வந்த பின்னும் இக்கைவண்ணம் ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் போர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டில் 281 டாலர் விலையில் பிக்கப் வண்டியை முழுமையாகச் செய்து விற்கலாயிற்று. அதற்குமுன், அடிச்சட்டத்தை வாங்கி உள்ளூர்த் தச்சரிடம் மரப்பெட்டி அமைத்துக்கொள்வதே பெருவழக்கு. எனவே, பிக்கப்பின் புறத்தோற்றம் ஆலையின் கைக்குப் போகுமுன் உடையவரின் விருப்பத்திலும் தச்சரின் திறத்திலும் இருந்தது. நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் லாரிக்கு உடல் கட்டும் தொழில் இன்றும் பெயர் பெற்று விளங்குகிறது. பிலிப்பைன்ஸ் மக்களோ இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, வண்ணம் தீட்டித் தம் நாட்டு ஊர்தியாக்கிக் கொண்டனர். பிறர் செய்த பொருளைத் தமதென்று சொல்ல அவர்கள் கண்ட வழி அது.

இனி நம் பேராக் மாநிலத்திற்கு வருவோம். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருக, பால்மரம் வெட்ட வந்த நம்மவர் லயங்களில் குடியேறினர். குடியிருந்த வீடு தோட்ட நிருவாகத்தினுடையது. சுவரின் சாயமும் அதன் விருப்பமே. பாலேற்றிச் செல்லும் லோரியும் தோட்டத்துச் சொத்தே. ஆயினும், மாரியம்மன் திருவிழா நாளில் பல தோட்டங்களில் அந்த லோரியே தேராயிற்று. இருபுறமும் வாழை மரம், மேலே மாவிலைத் தோரணம், நடுவே அம்மன். ஆண்டு முழுவதும் நிருவாகத்திற்குழைத்த வண்டி அன்று ஒருநாள் மட்டும் மக்கள் எழுதிய முகத்தோடு வலம் வந்தது.

1950ஆம் ஆண்டுகளிலும் 1960ஆம் ஆண்டுகளிலும் தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை நிலைகுலையச் செய்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரே தோட்டத்திற்கு உடையவராக வேண்டும் எனக் கருதி, 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எனினும், பின்னாளில் இரப்பர் செம்பனைக்கு இடம் கொடுத்தது. பல லயங்கள் மறைந்தன. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். அவ்வாறு பெயர்ந்தோருள் பலருக்கு, வீடு வாங்குமுன் கிடைத்த முதற்சொத்து ஒரு வண்டியே. பாட்டனுக்குச் சுவரில் தன் பெயரெழுத உரிமையில்லை. பேரன் தன் பிக்கப்பில் குலதெய்வத்தின் பெயரையும் தாயின் பெயரையும் எழுதுகிறான். மறைந்துபோன தோட்டத்தின் பெயரைத் தாங்கிய வண்டியையும் யான் கண்டதுண்டு. நிலப்படத்திலே தேடினும் எளிதில் கிட்டாத பெயர் அது.

எனவே, இவ்வெழுத்துகளை வரலாற்றுச் சான்றுகளாகவே கொள்ளல் வேண்டும். கல்வெட்டைப் படியெடுப்போர் ஓடும் வண்டியின் எழுத்தை இகழலாகாது. வண்டி பழுதுற்று ஒழியுமாயின் அப்பெயரும் உடன் ஒழியும். முன்பு தூரிகையால் எழுதிய ஓவியர் இருந்தனர். இன்று கணினி வெட்டித் தரும் ஸ்டிக்கர் வந்துள்ளது. அதில் புள்ளி விழாமல் 'முருகன்' சிதைவதுண்டு. சாலையிற் செல்வோர் அனைவரும் படிக்கும் தமிழ் பிழைபடுதல் தமிழாசிரியர்க்கு அழகன்று.

அலங்காரத்திற்கு எல்லையும் உண்டு. நம் நாட்டு விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காட்டு ஒளியையும், ஓட்டுநர் வரிசையின் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காட்டு ஒளியையும் உள்ளே விடுதல் வேண்டும். நள்ளிரவில் குழந்தைகளை எழுப்பும் புகைபோக்கி ஓசையை விரும்பும் இளைஞர்க்கு, மணி நாக்கட்டிய தலைவனின் கதையை எடுத்துரைக்கலாம்.

ஆசிரியப் பெருமக்கள் மாணாக்கரிடம் ஒரு சிறு பணியை ஒப்படைக்கலாம். தத்தம் தெருவில் நிற்கும் வண்டிகளின் தமிழ் எழுத்துகளைப் படியெடுத்து, அப்பெயரின் காரணத்தை உடையவரிடம் கேட்டு, நாளும் ஊரும் குறித்து எழுதி வரட்டும். ஓர் ஏட்டில் அவை சேருமாயின், பேராக் தோட்டத் தமிழரின் இடப்பெயர்ச்சி வரலாற்றில் ஏடுகள் எழுதாது விட்ட பகுதியொன்று நமக்குக் கிட்டும்.