அம்பாசடரும் அடைச்சுப்போன மூச்சுக்குழாயும்

அம்பாசடர் நிறுத்தின இடத்துல தரையில் கறுப்புப் பொட்டு வைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனா ஏன்? அதுக்குப் பின்னாடி ஒரு குட்டி வரலாறு இருக்கு மக்களே.

எவ்வளவு நல்ல எஞ்சினா இருந்தாலும், பிஸ்டன் ரிங் இடுக்கு வழியா கொஞ்சம் காஸ் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கும். பேரு 'ப்ளோ-பை'. அது வெளியேற வழி இல்லாட்டி உள்ளே அழுத்தம் ஏறி, கிடைச்ச இடுக்கு வழியா ஆயிலைத் தள்ளிடும்.

அந்தக் காலத்து ஏற்பாடு ரொம்ப எளிமை. எஞ்சின் பக்கவாட்டில் ஒரு குழாய், நுனி தரையைப் பார்த்தபடி. வண்டி ஓடும்போது அடியில் போற காற்று காஸை உறிஞ்சும். வண்டி நின்னா அதுவும் நின்னுடும். அம்பாசடரின் 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் எஞ்சின் இந்தத் தலைமுறை. போதாக்குறைக்கு, கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அங்கே வெட்டியிருக்கும் மரைதான் ஆயிலை உள்ளே திருப்பணும். அழுத்தம் ஏறினா மரை தோத்துடும், ஆயில் கிளட்ச் பக்கம் வந்துடும்.

இந்தக் குழாய்க்கு முடிவு கட்டினது லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம். எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயில் பட்டு மாறுவதுதான் அந்தப் புகைமூட்டம்னு 1950-களின் தொடக்கத்தில் காட்டினவர், கால்டெக் விஞ்ஞானி ஹாகன்-ஸ்மிட். கார் கக்கும் ஹைட்ரோகார்பனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கிராங்க்கேஸ் வழியாத்தான் வந்தது. 1961 மாடல் கலிஃபோர்னியா கார்களிலும், 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுக்கவும் பிசிவி வால்வு வந்தது. இன்டேக் மேனிஃபோல்டே காஸை உறிஞ்சி மறுபடி எரிச்சிடும். வண்டி நின்னாலும் வேலை நடக்கும்.

இப்ப புதுச்சேரிக்கு வருவோம். நண்பர் ஒருத்தர் அப்பாவோட அம்பாசடரை எஞ்சின் இறக்கி ரீபில்ட் பண்ணினார். நேரு வீதி நெரிசலில் ஊர்ந்தாலே டிப்ஸ்டிக் தானா மேலே எழும்புது, ஆயில் மூடியைத் திறந்தா குபுகுபுன்னு காஸ். "ரிங் உட்காரல, திரும்ப இறக்கணும்" என்றார் மெக்கானிக். சிக்கல் என்னன்னா, பிளாக் ஏற்கெனவே 40 ஓவர்சைஸ், அதாவது கடைசி அளவு. இன்னொரு போர் போட முடியாது, ஸ்லீவ்தான். 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலை நின்ன பிறகு பாகம் தேடுவது தனி அலைச்சல். அவ்வளவு செலவு பண்றதுக்கு வண்டியையே வித்துடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தார்.

பொட்டி தட்டுறவங்களுக்குப் பழகின கதைதான்: அறிகுறி ஒண்ணு, காரணம் பல. காஸ் அதிகமா இறங்குதா, இல்லை சாதாரண காஸுக்கு வழி இல்லையா?

முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட சமம். அப்புறம் ஒவ்வொண்ணிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி. நல்லா ஏறினா ரிங் மேல சந்தேகம். ரிங் கேப் அதிகமா (73 மி.மீ. போருக்குச் சுமார் 0.3 மி.மீ. போதும்), வாய்கள் ஒரே நேர்கோட்டில் நிக்குதா, ஹோனிங் சரியில்லையா, புது எஞ்சினை ரொம்ப நேரம் ஐடிலில் விட்டு சிலிண்டர் வழவழன்னு ஆயிடுச்சான்னு பார்க்கணும். இங்கே பெரிசா ஏறல.

அடுத்து, டிப்ஸ்டிக் துளையில் ஒரு பிளாஸ்டிக் டியூப், மறுபக்கம் 'யு' வடிவில் வளைச்சுத் தண்ணி. எஞ்சின் ஓடினதும் தண்ணி ஒருபக்கம் ஏறுச்சு. மூச்சுக்குழாயைக் கழட்டினோம், உடனே சமநிலைக்கு வந்துடுச்சு!

குழாய்க்குள்ள பல வருஷத்து ஆயில் கசடு கல்லா இறுகியிருந்தது. எஞ்சினைப் பிரிச்சு எல்லாத்தையும் கழுவினவங்க, பழைய குழாயை அப்படியே மாட்டிட்டாங்க. மண்ணெண்ணெயில் ஊறவச்சு, கம்பி விட்டுக் குடைஞ்சு, திரும்ப மாட்டியாச்சு. அப்புறம் ஈசிஆரில் மிதமான லோடில் சில நூறு கிலோமீட்டர். ரிங் மிச்சமும் படிஞ்சது, டிப்ஸ்டிக் இடத்தை விட்டு அசையல.

ரீபில்ட் எஞ்சின் மூச்சு முட்டினா, பிளாக்கைப் பிரிக்கும் முன் குழாயை ஊதிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை!