டெட்ராய்ட்டின் பாட்டுத் தொழிற்சாலை

அமெரிக்காவின் மோட்டார் வாகன நகரமான டெட்ராய்ட்டில், கார்த் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் வேலை பார்த்திருந்த பெர்ரி கார்டி 1959-இல் தொடங்கிய, பின்னர் மோடவுன் என்று பெயர்பெற்ற இசைத்தட்டு நிறுவனம், பாடலையும் அதே முறையில் உருவாக்கலாம் என்ற நம்பிக்கையின்மேல் எழுந்தது. எழுதுவோர், வாசிப்போர், பாடுவோர் என வேலை பிரிக்கப்பட்டது. வாரந்தோறும் கூடிய தர ஆய்வுக் கூட்டம், அதாவது எந்தப் பாட்டை வெளியிடலாம் என்று வாக்கெடுத்து முடிவுசெய்த அவை, தேறாதவற்றைத் தள்ளிவைத்தது. இம்முறையைக் கலைக்குப் பகை என்று ஒதுக்கிவிட முடியாது. ஹாலந்து, டோசியர், ஹாலந்து என்னும் மூவர் இதற்குள்ளிருந்தே அருமையான காதல் பாடல்களைப் படைத்தனர். ஆனால் காதலுக்கு அப்பால் செல்ல அதில் இடம் குறைவு. கலிபோர்னியாவின் பெர்க்லியில் போராடிய இளைஞர்களைக் காவலர் தாக்கியதைக் கண்டு, நிறுவனத்தின் பாடகர்களில் ஒருவரான ரெனால்டோ பென்சன் தொடங்கிவைத்த பாடலை, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தம்பியின் அனுபவங்களால் கலங்கியிருந்த மற்றொரு பாடகர் மார்வின் கே வளர்த்தெடுத்து 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்று பதிவுசெய்தபோது, கார்டி அதை எதிர்த்தார். கேயோ, அது வெளிவராமல் வேறு பாடல் தருவதில்லை என்று உறுதியாக நின்றார். 1971 ஜனவரியில் வெளியான அந்தத் தட்டு, தேசிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை உயர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் வந்த முழுத் தொகுப்பின் உறையில், அதுவரை பெயரின்றி வாசித்துவந்த நிறுவனத்தின் இசைக்கலைஞர்களின் பெயர்களும் அச்சாயின.